மீன் தொட்டிக்காக நகைக்கடனை மீண்டும் உயர்த்தலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய், வீட்டுக்கடன் தவணை 17,000 ரூபாய். பதினான்கு மாதங்களுக்கு முன் மனைவியின் நகையை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு 60,000 ரூபாய் அடகு வைத்து, ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மீன் தொட்டி அமைத்தேன். இருமுறை மீன்கள் மொத்தமாக இறந்தன. ஐந்தாம் மாதம் கடனை 95,000 ரூபாயாகவும், பத்தாம் மாதம் 1,40,000 ரூபாயாகவும் உயர்த்தி, புதிய மீன், மருந்து, ஆர்.ஓ. கருவி எல்லாம் வாங்கினேன். வட்டியில்லாத் தவணையில் வாங்கிய கேனிஸ்டர் ஃபில்டருக்கு (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) மாதம் 4,000 ரூபாய் வீதம் இன்னும் மூன்று தவணை உள்ளது. ஞாயிறுதோறும் ஃபில்டரைப் பிரித்து, ஒகேனக்கல் தண்ணீர்க் குழாயில் பீங்கான் வளையங்களை வெள்ளையாகும் வரை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். இருந்தும் போன வாரம் எல்லா மீன்களும் இறந்து தொட்டி காலியாகிவிட்டது. மீன் கடை வைத்திருக்கும் என் மச்சான், இன்னும் பெரிய ஃபில்டரும் வாஸ்துவுக்கு அரோவானா மீன்களும் தருவதாகச் சொல்லி, 50,000 ரூபாய் கேட்கிறார். நகைக்கடனை உயர்த்தலாமா, பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று கடன்களும் ஒரு தொட்டியும் இருக்கின்றன. ஆனால் கெடுதல் செய்வது ஒரே ஒரு பழக்கம்தான். மீன் ஏன் இறந்தது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, நகையைத் திருப்பி வைத்துப் பணம் வாங்கிவிடுகிறீர்கள். பவுன் விலை ஏறிக்கொண்டே இருப்பதால் அதே நகைக்குக் கூடுதல் பணம் தர நிதி நிறுவனம் தயாராக இருக்கிறது. அந்தத் தாராளத்தை உங்கள் வசதி உயர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விலை இறங்கினாலோ வட்டி நிலுவையில் நின்றாலோ ஏலத்துக்குப் போவது உங்கள் மனைவியின் நகை.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து மாதங்களுக்கு 60,000 ரூபாய்க்கான வட்டி 4,500. அடுத்த ஐந்து மாதங்களுக்கு 95,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 7,100. கடைசி நான்கு மாதங்களுக்கு 1,40,000 ரூபாய்க்கு 8,400. ஆக, 20,000 ரூபாய் வட்டியாகவே போயிற்று, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தொட்டிக்கு ஆனது முதல் 60,000 மட்டுமே. அதன்பின் வாங்கிய 80,000 முழுவதும் நேர்ந்த இழப்பை மூடுவதற்காகச் செலவானது. இப்போது 1,90,000 ரூபாயாக உயர்த்தினால் மாத வட்டி 2,850, ஆண்டுக்கு 34,200. 'வட்டியில்லாத் தவணை' என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. செயலாக்கக் கட்டணமும், கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் தவணைக்குள் இருக்கும் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான் விழுகின்றன. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போய்விடுகிறது.

இனி மீன்கள் இறந்த காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் ஓடும் வழி அங்கேதான் திறந்திருக்கிறது. மீன்களின் கழிவிலிருந்தும் மீந்த தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று, வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். அந்த பாக்டீரியா குடியிருப்பது நீங்கள் ஞாயிறுதோறும் தேய்த்தெடுக்கும் பழுப்பு வழுவழுப்பில்தான். குழாய்த் தண்ணீரில் கலக்கப்படும் குளோரின், பிரஷ்ஷுக்குத் தப்பியதையும் கொன்றுவிடுகிறது. வளையம் வெள்ளையாகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் ஃபில்டர் வேலையிழக்கிறது. பம்பு மட்டும் ஓடுகிறது. இதைவிடப் பெரிய ஃபில்டர் வாங்கினாலும் அதையும் இப்படித்தான் கழுவப்போகிறீர்கள் என்றால் முடிவு மாறாது.

ஆர்.ஓ. கருவியும் உதவவில்லை. அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் 1 கிராமை மாற்றுவதற்கு, பாக்டீரியா கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை முறிக்கும் உப்புகளை, செலவழிக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் அந்த உப்புகள் அநேகமாக இருப்பதில்லை. ஆகவே தண்ணீர் அமிலமாகச் சரிந்து மாற்றமே நின்றுபோகும். குழாய்த் தண்ணீரில் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்தைக் கலந்து ஊற்றினால் போதும். ஆர்.ஓ. கருவியைக் குடிநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி காலியாக இருப்பது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. உங்கள் அளவுப்படி தொட்டியின் கொள்ளளவு சுமார் 680 லிட்டர். விளிம்பு விட்டு நிரப்பினால் 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீனில்லாத இந்தத் தண்ணீரில் தூய அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 4 கிராம் அளவு கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதற்கு விற்பது இதற்கு உதவாது. அதில் கலப்படம் இருக்கலாம், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளக்கும் சோதனைப் பெட்டியால் பார்த்துவாருங்கள். அம்மோனியா தீர்ந்தால் அதே அளவு மீண்டும் சேர்க்கலாம். இட்ட அம்மோனியா ஒரே நாளில் தீர்ந்து, நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும் நாளில் ஃபில்டர் தயார். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் பகுதியின் மார்கழிக் குளிரில் இன்னும் சற்று நீளும். இவை எல்லாவற்றுக்குமான செலவு 3,000 ரூபாயைத் தாண்டாது என்பது என் மதிப்பீடு. பாட்டிலில் விற்கும் 'உடனடி பாக்டீரியா' மீது எனக்கு நம்பிக்கை குறைவு; கடை அலமாரியின் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்ததில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதன்பின் வளையங்களைத் தேவைப்பட்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, ஒருமுறைக்குப் பாதியளவு லேசாக அலசுங்கள். மின்சாரம் நெடுநேரம் தடைபட்டால் மூடிய கேனிஸ்டருக்குள் பாக்டீரியாவுக்குப் பிராணவாயு கிடைக்காது, அதைத் திறந்து வைப்பது நல்லது. 40 வாட் பம்பு இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் எடுக்கும். உங்கள் வீட்டுக் கணக்கு 500 யூனிட்டுக்கு அருகில் இருந்தால், அதைத் தாண்டும்போது கீழ் அடுக்குகளின் கட்டணமும் ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரோவானாவைப் பொறுத்தவரை, வெள்ளி அரோவானா மூன்றடிக்கு அருகில் வளரக்கூடியது. இரண்டடி அகலத் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது, கழிவோ மிக அதிகம். முதலில் இரண்டு சிறிய மீன்களோடு தொடங்குங்கள்; மீன் கூடக்கூட பாக்டீரியாவும் பெருக அவகாசம் கொடுத்துப் பின்னர் சேர்க்கலாம்.

கடன் தீர ஒரு வழி இருக்கிறது. நகையை இப்போதுள்ள இடத்திலிருந்து மீட்டு, பொதுத்துறை வங்கி அல்லது கூட்டுறவு வங்கியின் நகைக்கடனுக்கு மாற்றுங்கள். அசலில் அவ்வப்போது சிறு தொகை கட்ட அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். வட்டி ஆண்டுக்கு 9 அல்லது 10 சதவீத அளவில் இருந்தால், ஆண்டு வட்டி 25,200 ரூபாயிலிருந்து 13,000 அல்லது 14,000 ரூபாயாகக் குறையும். ஃபில்டர் தவணை முடியும் வரை மாதம் 5,000 ரூபாயும், அதன்பின் 9,000 ரூபாயும் வட்டியோடு சேர்த்துக் கட்டிவந்தால், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் நகை வீடு வந்து சேரும். அதற்குள் பவுன் விலை எவ்வளவு ஏறினாலும் உயர்த்தி வைக்காதீர்கள்.

மச்சானிடம் மறுப்பது சங்கடம் என்று புரிகிறது. அதனால் அவரிடம் பணத்தை மறுத்துவிட்டு, உதவி ஒன்றைக் கேளுங்கள். அவருடைய கடையில் நெடுநாளாக நோய் நொடி இல்லாமல் ஓடும் ஒரு தொட்டியின் அழுக்குப் படிந்த ஸ்பாஞ்சை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பாலுக்கு உறை மோர் போல அது உங்கள் ஆறு வாரத்தைப் பாதியாகவும் குறைக்கக்கூடும். அடகுச் சீட்டை உங்கள் மனைவியிடம் கொடுத்து வையுங்கள், மச்சான் மீண்டும் கேட்டால் அவரே பதில் சொல்லட்டும்.