சட்டையைப் பார்க்கிற ரசிகன்

கேள்வி: கால்பந்து பற்றி எதைக் கேட்டாலும் சுற்றி வளைத்து ஜெர்சியில் வந்து நிற்கிறீர்களே, அப்படி என்ன மோகம்? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: பனியன் ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வியா! டிவியில் மேட்ச் ஓடினால் என் கண் முதலில் காலருக்குப் போகும், அப்புறம் காலுறை, கடைசியில்தான் ஸ்கோர். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குகிறேன். ஆனால் கம்பெனிக்காரர்கள் சீசன் தவறாமல் இறக்குகிற புதுச் சட்டைகள்மேல் எனக்குப் பெரிய ஆசை கிடையாது. அவசரத்துக்குத் தைத்தது, இரவல் வாங்கியது, இவற்றைக் கண்டால்தான் விடமாட்டேன்.

1986 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினா நீலச் சட்டை போட வேண்டும். கையிலிருந்ததோ கனமான பருத்தி. மெக்சிகோ வெயிலில் அது வியர்வையைக் குடித்து இன்னும் கனக்கும். லேசான சட்டை வேண்டும் என்று பயிற்சியாளர் பிலார்டோ பிடிவாதம் பிடிக்க, மெக்சிகோ சிட்டி கடைகளில் ஆள் விட்டுத் தேடி வாங்கினார்கள். சங்கத்தின் சின்னத்தை அவசர அவசரமாகத் தைத்து, அமெரிக்கன் ஃபுட்பால் சட்டைக்கான வெள்ளி நிற எண்களை முதுகில் இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். பழைய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மாரடோனாவின் 10 ஜிகினாவாக மினுங்கும். கையால் ஒரு கோல், பாதி இங்கிலாந்து அணியைத் தாண்டி ஓடி இன்னொரு கோல், இரண்டும் அந்தக் கடைச் சட்டையில் போட்டவை. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 2022-ல் ஏலம் போனது 71 லட்சம் பவுண்டுக்கு!

கேள்வி: பிரேசில் முன்பு வெள்ளைச் சட்டையில் ஆடியதாமே, உண்மையா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: உண்மைதான். 1950 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில், மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்ற பிறகு வெள்ளை ராசியில்லை என்றாகிவிட்டது. கொடியில் உள்ள நான்கு நிறங்களும் வர வேண்டும் என்று ஒரு நாளிதழ் புதுச் சட்டைக்குப் போட்டி வைத்தது. மஞ்சள் சட்டை வரைந்து ஜெயித்தவர் அல்டிர் ஷ்லீ, உருகுவே எல்லையோரத்து இளைஞர். வேடிக்கை என்னவென்றால், அவர் மனசு உருகுவே பக்கம்தான்! 1958 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் எதிரே நின்ற சுவீடனுக்கும் மஞ்சள். பிரேசில்காரர்கள் ஆட்டம் நடந்த சுவீடனிலேயே நீலச் சட்டை வாங்கி, மஞ்சளிலிருந்து சின்னத்தைப் பிரித்து அதில் தைத்து, 5-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள். பாருங்கள், இங்கேயும் ஊசி நூல்தான்.

கேள்வி: ஜெர்சியால் யாராவது தோற்றிருக்கிறார்களா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: இங்கிலாந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் அப்படித்தான் சொன்னது. 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் சாம்பல் நிறச் சட்டையில் ஆடி, இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. கூட்டத்தின் பின்னணியில் சக வீரரே கண்ணுக்குத் தெரியவில்லை என்று பயிற்சியாளர் ஃபெர்குசன் சட்டையையே மாற்றச் சொன்னார். நீல வெள்ளைக் கோடுகளில் திரும்பி வந்தும் 3-1 என்று தோல்விதான். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சாம்பலைப் போட்டு அவர்கள் ஒரு லீக் ஆட்டமும் ஜெயித்ததில்லை, அதனால் நான் பாதி ஃபெர்குசன் பக்கம்.

கேள்வி: என் பையன் கிளப் ஜெர்சி கேட்கிறான், முதுகில் பெயரோடு. வாங்கலாமா? (ஒரு வாசகி, கோவை)

பதில்: தாராளமாக. வீரர்கள் போடுகிற ரகம் உடம்போடு ஒட்டும், ரசிகர்களுக்கான ரகம் போதும், வளர்கிற பிள்ளைக்கு ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். உள்பக்கம் திருப்பித் துவையுங்கள், எழுத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், உரிந்துவிடும். எந்த வீரரின் பெயர் என்பதில் மட்டும் கவனம். அவர் அடுத்த சீசனில் எதிரி கிளப்புக்குப் போய்விட்டால் பையன் அதைத் தொட மாட்டான். அவன் பெயரையே போட்டுவிடுங்களேன்.