எந்த இடத்தில் சிரித்தார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நியூயார்க்கின் பெண் கலைஞர்கள் நடத்தும் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண்ணியக் குழுவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வாசிப்பு வட்டத்தில் படித்தோம். அந்த வேகத்தில், நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் மகளிர் தின விழாவுக்காக மாணவிகள் ஐந்து பேர் அரை மணி நேர நகைச்சுவை நிகழ்வு ஒன்றைத் தயாரித்தார்கள். டவுன் பஸ், விடுதிக்குத் திரும்பும் நேரம், துப்பட்டா, பெண் பார்க்கும் படலம் எல்லாம் அதில் உண்டு. ஒத்திகையில் வயிறு வலிக்கச் சிரித்தோம். மேடையில் கதையே வேறாகிவிட்டது. பஸ்ஸில் இடிக்கிற ஆளாக நடித்த மாணவிக்குப் பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். இடிபட்ட பெண் பேச்சு வராமல் நிற்கும் இடத்தில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன்வரிசைப் பேராசிரியர்கள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கைதட்டிய மாணவிகள் ஏற்கனவே எங்கள் பக்கம் இருப்பவர்கள். கேன்டீனில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே சிரிக்காத ஓர் இடத்தில் அவர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

முடிந்ததும் சக ஆசிரியர் ஒருவர், “பெண்ணியத்தை இப்படி மேடையில நடிச்சுக் காட்டினா பார்க்கிறவனுக்கு எரிச்சல்தான் வரும். ஒருத்தனாவது மாறியிருப்பானா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இது எங்காவது பார்வையாளர்களிடம் எடுபட்டிருக்கிறதா? மாணவிகள் இனிமேல் வேண்டாம் என்கிறார்கள்.

அன்புடன்,
ம., திருச்சி

*

அன்புள்ள ம.,

அந்த ஐந்து பேரும் இப்போது எப்படி இருக்கிறார்கள்? அன்று சாயங்காலம் யாராவது அவர்களோடு உட்கார்ந்து பேசினீர்களா? ஏன் கேட்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் சக ஆசிரியரின் கேள்வி நியாயமான கேள்விதான். கெரில்லா கேர்ள்ஸ் பிறந்ததே இப்படி ஒரு தோல்வியிலிருந்துதான். என் கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட்டது தவறு என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. 1984-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் சமகால ஓவியம், சிற்பத்துக்காக ஒரு பெரிய சர்வதேசக் கண்காட்சி வைத்தது. 160-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் கலந்துகொண்டார்கள். அதில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெண் கலைஞர்கள் வாசலில் கூடி, அட்டை பிடித்துப் போராடினார்கள். கண்காட்சிக்கு வந்தவர்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். நியாயம் முழுக்க இவர்கள் பக்கம் இருந்தும், நின்று கேட்க ஆள் இல்லை.

அந்த வாசலில் நின்ற சிலர்தான் அடுத்த ஆண்டு, 1985-ல், ராத்திரியில் பசையை எடுத்துக்கொண்டு, நியூயார்க்கில் காட்சிக்கூடங்கள் நிறைந்த சோஹோ பகுதிக்குக் கிளம்பினார்கள். எந்தெந்தக் காட்சிக்கூடத்தில் பெண்களின் படைப்பு பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை என்று பெயர் பெயராகச் சுவரொட்டியில் போட்டு ஒட்டினார்கள். வெளியே வரும்போது முகத்தில் கொரில்லா முகமூடி. கெரில்லா என்பது மறைந்திருந்து தாக்கும் போர் முறை; குழுவின் பெயரை எழுதும்போது யாரோ எழுத்துப்பிழையாகக் கொரில்லா என்று குரங்கின் பெயரை எழுதிவிட, முகமூடிக்கு அதையே வைத்துக்கொண்டோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

1989-ல் வந்த அவர்களுடைய சுவரொட்டியை உங்கள் மாணவிகளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1814-ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை எடுத்து மாற்றிச் செய்தது அது. ஒரு பெண் ஆடையில்லாமல் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள், கையில் மயிலிறகு விசிறி. தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கும் அந்த அழகான முகம் இருக்க வேண்டிய இடத்தில், வாய் பிளந்த கொரில்லாத் தலை. பக்கத்தில் ஒரு கேள்வி: நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குள் நுழைய வேண்டுமானால் பெண்கள் நிர்வாணமாகத்தான் இருக்க வேண்டுமா? அதன் கீழே இரண்டு எண்கள். நவீன கலைப் பிரிவில் உள்ள கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். ஒவ்வொரு கூடமாக நடந்துபோய் எண்ணி எடுத்த கணக்கு இது. பொது இடத்தில் வைக்கும் விளம்பரப் பலகைக்காகச் செய்தார்கள், கேட்ட அமைப்பு அதை ஏற்கவில்லை. சரி என்று நகரப் பேருந்துகளில் காசு கொடுத்து விளம்பரமாகப் போட்டார்கள். அந்தப் பெண்ணின் கையில் இருப்பது விசிறி மாதிரித் தெரியவில்லை, ஆபாசமாக இருக்கிறது என்று பேருந்து நிறுவனம் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது.

அட்டை பிடித்தபோது நிற்காத கூட்டம் இதற்கு நின்றது. முதலில் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கீழே இறங்கி எண்ணைப் படித்துவிடுகிறது. படித்த பிறகு யாராலும் அதைப் படிக்காததாக ஆக்க முடியாது. அடுத்த தடவை அருங்காட்சியகத்துக்குள் போகும்போது கை தானாக எண்ண ஆரம்பிக்கும்.

சரி, அருங்காட்சியகம் மாறியதா? அவர்களே திரும்பப் போய் எண்ணியிருக்கிறார்கள். 2005-ல் பெண் கலைஞர்கள் 3 சதவீதத்துக்கும் கீழே. 2012-ல் 4 சதவீதத்துக்கும் கீழே. 23 வருஷத்தில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. நிர்வாண உருவங்களில் பெண்களின் பங்கு 85-லிருந்து 83, பிறகு 76 என்று இறங்கியது. இதைத் தோல்வி என்று உங்கள் சக ஆசிரியர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. போதாக்குறைக்கு, 1984-ல் இவர்கள் வாசலில் நின்ற அதே நவீன கலை அருங்காட்சியகமும், லண்டனின் டேட் அருங்காட்சியகமும் இன்று இவர்களுடைய சுவரொட்டிகளைச் சேகரிப்பில் வைத்திருக்கின்றன. திட்டியவர்களையும் வாங்கி மாட்டிக்கொண்டால் திட்டு நின்றுவிடும் என்ற விமர்சனம் பெண்ணியர்களிடமிருந்தே வருகிறது. அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் எனக்கு அந்தச் சுவரொட்டி செய்தது வேறு. அதைப் பார்த்த நாளிலிருந்து எந்த அழைப்பிதழ் வந்தாலும் எண்ணாமல் கீழே வைக்க முடிவதில்லை. போன மாதம் ஓர் இலக்கிய விழா அழைப்பிதழ் வந்தது. மொத்தம் 22 பெயர்கள், பெண்கள் மூன்று பேர். ஒருவர் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒருவர் தொகுப்புரை, ஒருவர் நன்றியுரை. நன்றியுரை சொல்பவர் நான்கு நாவல்கள் எழுதியவர். அமைப்பாளரைக் கூப்பிட்டு இந்த எண்ணை மட்டும் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “நாங்க அப்படிப் பார்க்கலீங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்க்கவில்லை. நியூயார்க்கில் யாரோ முகமூடி போட்டுக்கொண்டு ஒட்டிய காகிதம், இத்தனை வருஷம் கழித்து, என் வாய்க்குள் ஒரு எண்ணாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பார்வையாளரிடம் எடுபட்டதா என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது அந்தப் பையன்களின் சிரிப்புக்கு வருகிறேன்.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964-ல் கியோட்டோவில் ஒரு நிகழ்த்துகலை செய்தார். மேடையில் தன் நல்ல உடையில் அசையாமல் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். 1965-ல் நியூயார்க்கில் செய்தபோது எடுத்த படச்சுருள் இருக்கிறது. முதலில் வருபவர்கள் கூச்சத்தோடு ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டுகிறார்கள். பிறகு ஓர் இளைஞன் வருகிறான். நிதானமாக, ரசித்து ரசித்து உள்ளாடையை வெட்டுகிறான், பட்டைகளையும் வெட்டுகிறான். ஓனோ இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொள்கிறார். அவ்வளவு நேரம் அசையாத முகத்தில் கண் மட்டும் ஒரு கணம் தடுமாறுகிறது. கூட்டத்தின் உள்ளே இருந்ததை வெளியே எடுத்துக் காட்டிய நிகழ்வு என்று அதைச் சொல்லலாம். உங்கள் அரங்கில் வந்த விசிலும் அப்படித்தான். அன்றாடம் பஸ்ஸில் நடப்பது விளக்கு வெளிச்சத்தில், பேராசிரியர்கள் முன்னால் நடந்தது.

ஆனால் இதை உங்கள் மாணவிகளிடம் ஆறுதலாகச் சொல்லிவிடாதீர்கள். கத்தரிக்கோலின் கீழே உட்கார்வது என்று முடிவு செய்தவர் ஓனோ. 19 வயதுப் பெண்கள் சிரிக்க வைக்கலாம் என்று நம்பி மேடை ஏறினார்கள், விசில் வாங்கினார்கள். இந்த வகைக் கலையில் விலை கொடுப்பது நிகழ்த்துபவரின் உடம்பு. அதனால்தான் முதலில் அவர்களைப் பற்றிக் கேட்டேன். அடுத்த முறை மேடை ஏறும் முன், இறங்கி வரும்போது யார் பக்கத்தில் இருப்பது என்பதையும் ஒத்திகையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறை பையன்களிடம் மட்டும் இல்லை, காட்சியிலும் இருக்கிறது. இடிக்கிற ஆள் கோமாளியாக வந்தால், கோமாளியைக் கூட்டத்துக்குப் பிடித்துவிடும். அவன் பண்ணும் சேட்டையோடு சேர்ந்துகொண்டு, அகப்பட்ட பெண்ணை வேடிக்கை பார்க்கும். டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின் நாடகக் கலைஞர் மல்லிகா தனேஜா ‘தோடா த்யான் ஸே’ என்று ஒரு தனிநபர் நிகழ்வு செய்தார். ‘கொஞ்சம் ஜாக்கிரதையா’ என்று பொருள். நான் பதிவில்தான் பார்த்தேன். ஏறக்குறைய ஆடையில்லாமல் நின்று, பேசாமல் கூட்டத்தையே பார்க்கிறார். அப்புறம் பேச ஆரம்பித்து, பேசப் பேச ஒன்றன்மேல் ஒன்றாக உடுப்புகளைப் போட்டுக்கொண்டே போகிறார். பெண்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தால் போதும், ராத்திரி போகாமல் இருந்தால் போதும், இதைப் போட்டுக்கொண்டால் போதும். கடைசியில் துணி மூட்டையாகிவிடுகிறார். அதில் ஆண் பாத்திரமே கிடையாது. சிரிப்பு அந்த வார்த்தைகளின் மேல் விழுகிறது. அந்த வார்த்தைகளை அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கைக்கோ மகளுக்கோ சொல்லியிருப்பார்கள். “பாத்துப் போ, நேரத்தோட வந்துடு, துப்பட்டாவைச் சரியாப் போடு.” பையன்களும் சிரிப்பார்கள், ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்த சொல்லைப் பார்த்தே சிரிக்க வேண்டியிருக்கும். உங்கள் துப்பட்டாக் காட்சிக்குள் இது ஏற்கனவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

“ஏற்கனவே நம் பக்கம் இருப்பவர்கள்தான் கைதட்டினார்கள்” என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. 2019 நவம்பரில் சிலியின் வால்பரைசோ நகரில் லாஸ்தேசிஸ் என்ற நான்கு பெண்களின் குழு, அரங்க நிகழ்வுக்காகச் செய்து வைத்திருந்த ஒரு பகுதியைத் தெருவில் நிகழ்த்தியது. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்று, ‘குற்றம் என்னுடையது இல்லை, நான் எங்கே இருந்தேன், என்ன உடுத்தியிருந்தேன் என்பதிலும் இல்லை’ என்று தாளத்தோடு சொல்வார்கள். நடுவே குத்த வைத்து எழுவார்கள். காவல் நிலையத்தில் பெண்களை நிர்வாணமாகக் குத்த வைக்கும் கொடுமை அது. தலைப்பு, சிலி காவல் துறையின் ‘உன் பாதையில் ஒரு நண்பன்’ என்ற முழக்கத்தை உல்டாவாக்கியது, ‘உன் பாதையில் ஒரு வன்புணர்வாளன்’. போலீசின் பாட்டிலிருந்து ‘நிம்மதியாகத் தூங்கு, கள்ளமில்லாத பெண்ணே’ என்ற வரியையும் அப்படியே எடுத்துப் பாடுகிறார்கள். சில வாரங்களில் மெக்சிகோவிலும் பாரிஸிலும் டெல்லியிலும் பெண்கள் அதைச் செய்தார்கள். இஸ்தான்புல்லில் போலீஸ் கலைத்தது. டிசம்பர் 4 அன்று சான்டியாகோவின் தேசிய விளையாட்டரங்கத்துக்கு வெளியே, 40 வயதைத் தாண்டிய பெண்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் ஆட்களை அடைத்துச் சித்திரவதை செய்த இடம் அது. முட்டி வலியோடு குத்த வைத்து எழுந்த அந்த அம்மாக்களை யாரும் புதிதாக மாற்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததுதான், பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். அதை உரக்கச் சொல்ல ஒரு தாளமும், பக்கத்தில் நிற்க ஆளும் கிடைத்தது. 2020-ல் இதே குழுவின் வேறொரு காணொளிக்காகப் போலீஸ் அவர்கள் மேல் புகார் கொடுக்கும் அளவுக்கு அவர்கள் குரல் உறைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் அந்தப் புகார் நிற்கவில்லை.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பையன்களுக்கும் பேராசிரியர்களுக்கும் இவ்வளவு வரி எழுதியிருக்கிறீர்கள். கேன்டீன் அக்காவை இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். அவரை யாரும் அழைக்கவில்லை, நாற்காலி போடவில்லை, வேலைக்கு நடுவில் வந்து நின்றிருக்கிறார். யாருக்கும் புரியாத ஏதோ ஒன்று அவருக்குச் சட்டென்று புரிந்திருக்கிறது. எந்த வசனம் அது? பெண் பார்க்கும் இடமா, விடுதிக் கதவா? அந்த ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு, கேன்டீனில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய் அவரிடமே கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா