பரி காட்டுக்குப் போன கதை

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். வேதாரண்யத்துக்கு அருகில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகள் குடித்தேன். சென்ற லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு கூட்டத்தில் அழுது ஒப்புக்கொடுத்து நிறுத்தினேன். ஐந்து மாதம் நன்றாக இருந்தது. ஆவணியில் விழுந்தேன், எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன். போன மாதம் எங்கள் ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார், “மனந்திரும்பின பிறகும் பாவம் செய்கிறவன் காட்டு மிருகம், கட்டிப்போட்டாலும் அது காட்டையே நினைத்துக்கொண்டிருக்கும்” என்றார். பள்ளியில் தமிழ் ஐயா சொன்ன, நரி பரியான கதை அன்றிரவு முழுவதும் மனத்தில் ஓடியது. பகலில் குதிரைகளாக லாயத்தில் நின்றவை இரவில் நரிகளாகி ஊளையிட்டன அல்லவா? என் மனந்திரும்புதலும் அப்படித்தானா? எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் என்னோடு பேசுவதில்லை. தேவகிருபைக்கும் ஓர் எல்லை இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லை இல்லை. ஏன் இல்லை என்பதை, உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த மிருகங்களின் வழியாகவே சொல்லப் பார்க்கிறேன்.

மாணிக்கவாசகரைப் பற்றிய அந்தக் கதையின் களம் நமக்குத் தூரமில்லை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை அவர் கோயிலுக்குச் செலவிட்ட திருப்பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோயில், டெல்டாவின் தெற்கு விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது. அவரைக் காக்க இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கிப் பாண்டியனிடம் கொண்டுவந்தார் என்று சைவ நண்பர்கள் பக்தியோடு சொல்லும் கதை அது. அடியாருக்காக இறைவன் எவ்வளவு தூரம் இறங்கி வருவார் என்பதே அதன் உயிர். அதில் வரும் நரிகள் எதற்காகவும் வருந்தவில்லை, குதிரையாக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. வந்த காரியம் முடிந்ததும் தங்கள் பிறவிக்குப் போய்விட்டன. நரி நரியாக இருப்பதில் என்ன குற்றம்? அந்தக் கதையை அளவுகோலாக வைத்து நீங்கள் உங்களை அளந்ததில்தான் பிழை நேர்ந்தது. அப்படி அளந்தால், உங்கள் பிறவிக்குணம் நரி, விசுவாசம் அதன்மேல் போர்த்திய குதிரைத்தோல் என்று ஆகிவிடும். மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்று சொல்லித்தான் வேதம் தொடங்குகிறது. நீங்கள் பரியாகப் பிறந்து காட்டுக்குப் போனவர்.

அப்படிப்பட்ட குதிரைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊரிலிருந்து கோடியக்கரை சைக்கிளில் போகும் தூரம்தான். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளிமான்களும் புள்ளிமான்களும் நரிகளும் தலைமுறை தலைமுறையாகக் காட்டுயிர்களாகவே வாழ்கின்றன. அங்கு மேயும் மட்டக்குதிரைகளின் கதை வேறு. அவை மனிதர் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் சந்ததி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாத மாலையில், சேற்றுவெளியின் ஓரத்தில் ஒரு பெட்டைக்குதிரை தன் குட்டியோடு நிற்பதைக் கண்டேன். பிடரி மயிரில் சீமைக்கருவேல முள்ளும் காய்ந்த சேறும் சேர்ந்து சடையாகத் தொங்கின. எங்கள் காலடி கேட்டதுமே தொலைவில் நின்ற வெளிமான்கள் துள்ளி மறைந்துவிட்டன. குதிரை ஓடவில்லை. பத்தடி வரை எங்களை வரவிட்டது. இரண்டு காதுகளையும் எங்கள் பக்கம் திருப்பி, நாசித் துவாரம் விரிய மோப்பம் பிடித்துக்கொண்டு, அருகே வரவும் துணியாமல் விலகிப் போகவும் மனமில்லாமல் நின்றது. பாட்டன் பூட்டன் காலத்தில் விட்டுப்போன கையை அது இன்னும் எதிர்பார்க்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. இதை விலங்கியலாகச் சொல்லவில்லை. பார்த்தவன் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் குதிரை நின்ற நிலைதான் கண்முன் வந்தது. “மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்” என்று ஏசாயா சொல்லும்போது, அவர் துக்கமெல்லாம் வளர்த்த வீட்டை மறந்துபோன பிள்ளைகளைப் பற்றியது.

பிரசங்கியார் சொன்னதில் பாதி உண்மை உண்டு. பிசாசைக் கெர்ச்சிக்கிற சிங்கமாகக் காட்டிப் பேதுரு நம்மை எச்சரிக்கத்தான் செய்கிறார். ஆனால் வேதம் காட்டு மிருகத்தை அந்த ஒரே பொருளில் வைத்துப் பேசவில்லை. 104-ஆம் சங்கீதத்தில் பாலசிங்கங்கள் தேவனிடத்தில்தான் ஆகாரம் தேடுகின்றன. காட்டுக்கழுதையின் கட்டுகளை அவிழ்த்தவர் யார் என்று கர்த்தரே யோபுவிடம் கேட்கிறார். வனாந்தரத்தில் இயேசு காட்டுமிருகங்களின் நடுவிலே சஞ்சரித்தார் என்று மாற்கு ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறார்.

இன்னொன்றும் உண்டு. “மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல” என்று நாம் சிறுவயது முதல் பாடுகிறோமே, அந்த மான் பழக்கப்பட்ட மான் அல்ல. கோடையில் கோடியக்கரைக் குட்டைகள் வற்றிவிடும். சுற்றிலும் கடலும் உவர்நிலமும். அப்போது வனத்துறையினர் காட்டுக்குள் தொட்டிகளில் நல்ல தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள். முறுக்கிய கொம்பும், மேலே கருமையும் அடியில் வெண்மையுமாக ஒரு வெளிமான் கிடா அந்தத் தொட்டிக்கு வந்ததை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு எட்டு வைத்தது, நின்றது, காதை விறைத்தது, ஏதோ ஒரு சருகின் ஓசைக்குத் திரும்பி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடியும் ஓடியது. மூன்றாம் முறை வாய் வைத்தபோதும், இரண்டு மடக்குக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேதான் குடித்தது. பயம் முழுவதும் தீர்ந்தால்தான் குடிக்கலாம் என்று யாரும் அதற்கு விதி வைக்கவில்லை. இரண்டு முறை ஓடிப்போனதற்காக யாரும் தொட்டியைக் கவிழ்த்துவிடவும் இல்லை. அது வருவதற்கு முன்பே தண்ணீர் அங்கே இருந்தது. “நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே” என்று பவுல் எழுதியதில் இருக்கும் அந்த ‘முன்பே’தான் கிருபை, சகோதரரே. நீங்கள் விழுவீர்கள் என்று தெரிந்தே நிரப்பி வைக்கப்பட்ட தண்ணீர் அது.

மிருகமாகவே ஆகிப்போன ஒருவனும் வேதத்தில் இருக்கிறான். நேபுகாத்நேச்சார் ராஜாவைப் பற்றிய தானியேல் நான்காம் அதிகாரத்தை இன்றிரவு நிதானமாகப் படியுங்கள். அவன் பாவம் செய்தது மிருகமாக இருந்தபோது அல்ல. அரண்மனைமேல் உலாவிக்கொண்டு, இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா என்று சொன்னபோது. கனவில் எச்சரிப்பு வந்தபிறகும் பன்னிரண்டு மாதம் அவனுக்குத் தவணை கிடைத்தது. அந்தக் கனவில் விருட்சத்தை வெட்டச் சொன்ன அதே குரல், வேர்களோடு அடிமரத்தைப் பூமியில் விட்டுவைக்கவும் சொல்லுகிறது. ராஜா இன்னும் எதையும் உணரவில்லை. உணரும் நாளுக்கான இடம் அதற்குள் ஒதுக்கப்பட்டாயிற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் உங்கள் பகுதியைப் புரட்டிப்போட்ட பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். வேரோடு சாய்ந்த தென்னை அதோடு முடிந்தது. உச்சியில் ஒரே குருத்தை நம்பி வாழும் மரம் அது. முறிந்த பூவரசும் வேம்பும் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்தன. கர்த்தர் ராஜாவுக்கு விட்டுவைத்தது பூவரசின் அடிமரத்தை. அவன் மாடுகளைப்போலப் புல்லை மேய்ந்து, ஆகாயத்துப் பனியிலே நனைந்து, தலைமயிர் கழுகின் இறகுபோலவும் நகம் பட்சிகளின் நகம்போலவும் வளரும் மட்டும் கிடந்தான். பிறகு அவன் செய்ததாக எழுதியிருப்பது ஒன்றே ஒன்று: “என் கண்களை வானத்துக்கு ஏறெடுத்தேன்; என் புத்தி எனக்குத் திரும்பிவந்தது.” புல் மேய்கிற கண் நிலத்தைத்தான் பார்க்கும். அது ஒருமுறை மேலே நிமிர்ந்தது. இளையகுமாரனைப் பற்றிய உவமையிலும், பன்றிகளின் தவிட்டுக்கு ஆசைப்பட்டவனுக்கு முதலில் நடந்தது புத்தி தெளிந்ததுதான். தகப்பன் வீட்டுக்கு அவன் நடந்தது அதற்குப் பிறகு.

ஐந்து மாதம் நின்று பிறகு விழுந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். நாரையும் காட்டுப்புறாவும் தகைவிலான் குருவியும் தங்கள் வருகையின் காலத்தை அறியும், என் ஜனமோ அறியார்கள் என்று எரேமியா எட்டாம் அதிகாரத்தில் வருகிறது. நாரைக்கு எபிரேயத்தில் ஹசிதா என்று பெயர். மாறாத இரக்கத்தைக் குறிக்கும் ஹெசெத் என்னும் சொல்லும் அதுவும் ஒரே வேர். அந்தப் பகுதியில் தீர்க்கதரிசி திரும்பத் திரும்ப எடுத்தாளும் வினை ஷூப். திரும்பு என்று பொருள். நம்முடைய ‘மனந்திரும்புதல்’ அதை அப்படியே ஏந்தியிருக்கிறது. மழைக்காலத்தில் கோடியக்கரைச் சதுப்பில் இரை பொறுக்கும் கொசு உள்ளான் என்னும் சிறு பறவை ஏறக்குறைய 25 கிராம் எடைதான் இருக்கும்; அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில். வழியில் பக்கக்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். அது திசையைச் சரிசெய்துகொண்டு மறுபடி பறக்கும். நீங்கள் விழுந்ததும் எழுந்ததும் மறுபடி விழுந்ததும் அந்த வழியில் நடந்தவை. உங்கள் கடிதமே திசையைச் சரிசெய்கிற ஒரு முயற்சிதான்.

ஒரு காரியத்தைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் தினமும் குடித்த உடல், குடியைத் திடீரென்று நிறுத்தினால், கைநடுக்கமும் தூக்கமின்மையும் சிலருக்கு வலிப்பும்கூட வரும். அதைப் பிசாசின் வேலை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவல்ல. தொட்டியில் தண்ணீர் நிரப்புகிற கைகளில் அந்தக் கையும் ஒன்று.

உங்கள் மகளைப் பற்றி நினைக்கும்போது அந்தக் கிடாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தொட்டியாக இருக்கவேண்டியவர் நீங்கள். அவள் வருவாள், சந்தேகப்பட்டு விலகுவாள், மறுபடி வருவாள். கூப்பிட்டு நெருக்காதீர்கள், சத்தியம் செய்து காட்டாதீர்கள். ஒவ்வொரு சாயங்காலமும் தெளிந்த கண்களோடு வீட்டில் இருங்கள்.

காட்டு மிருகம் என்று அந்த மேடையில் சொன்ன சொல் இன்னும் உங்களைக் குத்துமானால், 73-ஆம் சங்கீதத்தில் ஆசாப் அதே சொல்லைத் தன்மேல் தானே போட்டுக்கொண்டதைப் பாருங்கள்: “உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன். ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன். என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்.” அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லை ஒரு தாளில் எழுதி உங்கள் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வேதாரண்யத்துக்கு வருகிறேன். காலையில் நாம் இருவரும் கோடியக்கரைப் பேருந்தில் ஏறுவோம். மகள் வர இசைந்தால் அவளையும் அழைத்து வாருங்கள். இசையாவிட்டால் வற்புறுத்தாமல் நீங்கள் மட்டும் வாருங்கள்.