நாடா இல்லாத தகடு

மதிப்புக்குரிய ஐயா,

மாக் 6 வேகத்தில் (ஒலியைப்போல் ஆறு மடங்கில்) தட்டையான தகட்டின் மேல் ஓடும் காற்று எப்படிக் கொந்தளிப்பாக மாறுகிறது என்பதை இறுதி ஆண்டுச் செயற்றிட்டமாகக் கணினியில் செய்து பார்க்கிறேன். தகடு 40 சென்ரிமீற்றர். நீளவாக்கில் 400 கட்டங்கள் போட்டேன். முன்விளிம்பிலிருந்து 12 சென்ரிமீற்றரில் பாய்ச்சல் குலைந்தது. 800 ஆக்கினேன்; 19-க்குத் தள்ளிப் போனது. 1,600 ஆக்கினேன், கடைசிவரை குலையவே இல்லை. பயந்துபோய் கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாதிரியைப் போட்டதும் கொந்தளிப்பு வந்துவிட்டது. அதையே அறிக்கையில் எழுதலாம் என்றிருக்கிறேன். எந்தக் கொந்தளிப்பு மாதிரி சிறந்தது? இருபரிமாணம் போதுமா? புதிய கிராபிக்ஸ் காட் வாங்க வேண்டுமா?

தா., வெள்ளவத்தை

*

அன்புள்ள தம்பி,

கிராபிக்ஸ் காட் வேண்டாம், காசைப் பத்திரமாக வைத்திருங்கள். மாதிரி பற்றிய கேள்வியும் இப்போதைக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும். கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மூன்று விடைகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. 12, 19, பிறகு ஒன்றுமில்லை. அந்த மூன்று ஓட்டங்களும் உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லின. கேட்டுவிட்டுப் பயந்து ஓடியது நீங்கள்.

முதல் இரண்டிலும் குலைந்தது காற்று அல்ல, கணக்கு. முன்விளிம்பில் எழும் அதிர்ச்சி அலையைக் கரடுமுரடான கட்டங்களில் பிடிக்கும்போது எண்கள் அங்கே துள்ளும். அந்தத் துள்ளல் கீழே இறங்கி எல்லைப்படையை, அதாவது தகட்டை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய காற்றுப் படையை, கலைக்கும். கட்டம் நுணுக்கமாக ஆகத் துள்ளல் சிறுத்து, குலையும் இடம் பின்னால் போகும். உங்களுக்கு நடந்தது அச்சொட்டாக இதுதான். கட்டத்தோடு சேர்ந்து நகருகிற இடம் காற்றின் இயல்பாக இருக்க முடியாது. மூன்றாவது ஓட்டம்தான் நம்பத்தக்கது: சலனமே இல்லாமல் வந்த காற்று சலனமே இல்லாமல் போயிருக்கிறது. அது தோல்வி என்று உங்களுக்கு யார் சொன்னது?

1883-ல் ரெனோல்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் சாயக்கோடு விட்டுப் பார்த்தபோதே இது வெளிச்சமாகிவிட்டது. தொட்டித் தண்ணீரை அசையாமல் ஆறவிட்டு, குழாயின் வாயைப் புனல்போல் வழவழப்பாக்கினால், இன்று அவர் பெயரால் வழங்கும் எண் (வேகமும் அளவும் பிசுக்குமைக்கு, அதாவது பிசுபிசுப்புக்கு, எதிரே எவ்வளவு பெரிது என்ற கணக்கு) 12,000 வரை போயும் கோடு கலையவில்லை. தண்ணீர் குலுங்கியிருந்தால் 2,000 சொச்சத்திலேயே குழம்பியது. நூறு வருஷம் கழித்து அதே கருவியை ஓட்டியவர்களுக்கு அந்த 12,000 கிட்டவில்லை. வெளியே தெருவில் வாகன அதிர்ச்சி பெருகியிருந்தது. வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அதைச் செய்தால் ரயில் போகும்போது ஒரு எண்ணும் போகாதபோது இன்னொரு எண்ணும் வரும். இரண்டும் சரியான எண்கள். எந்தச் சலனத்துக்கு எந்த எண் என்று எழுதாவிட்டால் மட்டும் இரண்டும் பிழை.

தொல்மீனும் ஷ்லிக்டிங்கும் 1929-லும் 1933-லும் காகிதத்தில் கண்ட, கொந்தளிப்புக்கு முன் எல்லைப்படையில் வளரும் அலைகளைப் பலர் நம்ப மறுத்தார்கள். அக்காலக் காற்றுச் சுரங்கங்களின் இரைச்சலில் அவை மூழ்கிக் கிடந்தன. 1940-களில் அமெரிக்காவில் ஷூபவரும் ஸ்கிராம்ஸ்டாடும் வலை மேல் வலை போட்டுச் சுரங்கக் காற்றை அடக்கிய பிறகே அலைகள் கண்ணில் பட்டன. அதோடு அவர்கள் நிற்கவில்லை. தகட்டுக்கு மிக அருகில் மெல்லிய உலோக நாடாவை இழுத்துக் கட்டி, காந்தப் புலத்தில் அதனூடாக மாறுமின்னோட்டம் விட்டு, வேண்டிய மீடிறனில் (செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்று) அதிர வைத்தார்கள். சலனம் எங்கிருந்தோ வரட்டும் என்று காத்திராமல் தாங்களே கொடுத்தார்கள். உங்கள் தகட்டில் அந்த நாடா இல்லை, தம்பி.

ஆகவே நாடாவைக் கட்டுங்கள். தேக்க வெப்பநிலை (ஓடும் காற்றை நிறுத்தினால் அது அடையும் வெப்பநிலை) 430 கெல்வின் என்று வைத்தால் மாக் 6-ல் வெளிக்காற்று 52 கெல்வினுக்குக் குளிர்ந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 870 மீற்றர் ஓடும். மீற்றருக்கு ஒரு கோடி ரெனோல்ட்ஸ் எண் என்றால், 10 சென்ரிமீற்றரில் எல்லைப்படையின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். இந்த வேகத்தில் முந்திக்கொண்டு வளருவது லெஸ்லி மேக் கண்ட இரண்டாம் வகை அலை. (மாக் எண்ணுக்குப் பெயர் தந்த எர்ன்ஸ்ட் மாக் வேறு ஆள்.) சுவரோரக் காற்று மெதுவாகப் போக, அலை அதன்மேல் ஒலியைவிட வேகமாக ஓடுகிறது, சுவருக்கும் மேலே உள்ள ஒரு கோட்டுக்கும் இடையில் ஒலி அகப்பட்டு மோதி மோதிப் பெருகுகிறது. அதன் அலைநீளம் எல்லைப்படையின் இரண்டு மடங்கு, 4 மில்லிமீற்றர். மீடிறன் 200 கிலோஹேர்ட்ஸ் அளவில். உங்கள் முதல் ஓட்டத்தில் ஒரு அலைக்கு 4 கட்டம்தான் இருந்தது, இரண்டாவதில் 8. அந்த இடைவெளியில் உண்மையான அலை வந்திருந்தாலும் கணக்கின் செயற்கைப் பிசுக்குமை அதை விழுங்கியிருக்கும். குறைந்தது 20 வேண்டும். சுவருக்குச் செங்குத்தாக 200 புள்ளி போட்டு, பாதியை எல்லைப்படைக்குள் நெருக்குங்கள்.

முதலில் நாடா இல்லாமல் அடிப்பாய்ச்சலை ஓட்டி முழுதாக அடங்கவிடுங்கள். எஞ்சும் ஆட்டம், நீங்கள் கொடுக்கப்போகும் சலனத்தைவிட ஆயிரம் மடங்காவது சிறிதாக இருக்க வேண்டும். பிறகு 5 சென்ரிமீற்றரில், சுவரில் 4 மில்லிமீற்றர் அகலப் பட்டை ஒன்று. அதுதான் உங்கள் நாடா. அதன் முன்பாதி ஊதும்போது பின்பாதி உறிஞ்ச வேண்டும். மொத்தத்தில் காற்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வீச்சம் வெளிவேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கட்டத்துக்குக் கட்டம் எழுந்தமான எண்ணைத் தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது வேண்டவே வேண்டாம். கட்டத்தை மாற்றினால் அந்த இரைச்சலும் மாறிவிடும். பழைய கதைதான் திரும்பும். வெளியேறும் முனையில் அலையை மெல்ல உறிஞ்சும் பஞ்சுப் பகுதி ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் அது எதிரொலித்துத் திரும்பி வரும்.

இப்போது வீச்சத்தை இரட்டியுங்கள். கீழே எங்கும் சலனம் சரியாக இரட்டிக்க வேண்டும். இரட்டிக்காவிட்டால் நீங்கள் பார்ப்பது உங்கள் நாடாவின் அலை அல்ல, வேறெதுவோ. இந்த ஒரு சோதனையைச் செய்யாத எந்த ஓட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன். மீடிறனை 150-லிருந்து 250 கிலோஹேர்ட்ஸ் வரை படிப்படியாக மாற்றியும் ஓட்டுங்கள். எல்லைப்படை தடிக்கத் தடிக்க, பொருந்தும் மீடிறன் இறங்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய நீளத்தில் வளர்ந்து பிறகு தேயும். சுவரோரக் கட்டம் 5 மைக்ரோமீற்றர் என்றால் நேரப்படி 13 நனோசெக்கனுக்குள் அடங்க வேண்டும். ஒரு அலைக்கு ஏறத்தாழ 400 படி. உங்கள் மடிகணினி இரவோடு இரவாக முடிக்கும் வேலைதான் இது.

இருபரிமாணம்: இந்த வளர்ச்சியைப் பார்க்கப் போதும். கொந்தளிப்பாக உடைவதைப் பார்க்கப் போதாது. அதற்குச் சாய்வான அலைகள் வந்து சேர வேண்டும்.

எஸ்எஸ்டி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொந்தளிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட சமன்பாடு அது. அதனிடம் போய்க் கொந்தளிப்பு வருமா என்று கேட்டு, வந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதுவது உங்கள் மூன்று ஓட்டங்களுக்கும் செய்கிற அநியாயம். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். 12, 19, ஒன்றுமில்லை என்ற அட்டவணையை அந்த இடத்தில் போடுங்கள்.

நாடா கட்டியதும் சுவர் அமுக்கத்தின் வீச்சத்தை நீளத்துக்கு எதிராக மடக்கை அச்சில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். 800, 1,600, 3,200 கட்டங்கள் மூன்றும் ஒரே படத்தில் இருக்கட்டும்.