தங்கச்சியின் மோகனமும் பேஸ் கிட்டாரும்

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன். வயது 23. பேஸ் கிட்டார் பழகுகிறேன். பென்டடோனிக் ஸ்கேலின் (ஐந்து சுர வரிசை) ஐந்து வடிவங்களையும் படம் பார்த்து மனப்பாடம் செய்தாலும் இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. வீட்டிலும் அமைதி இல்லை. தங்கச்சி சங்கீதப் பரீட்சைக்காக ஐந்து கட்டையில் சுருதி வைத்து மோகன ராகத்தையே பாடிக்கொண்டிருப்பாள். ஏசிய பிறகு இப்போது குசினியில் இருந்து பாடுகிறாள். எனக்கு ஞாபகசக்தி குறைவா?

பதில்: வல்லாரை சாப்பிடச் சொல்வேன் என்று பார்த்திருந்தால் ஏமாற்றம்தான் தம்பி. இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும், கருவிதான் மாறும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தக் குசினி.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அடுப்புப் புகைக்குள் இருந்தா குரல் பழக வேண்டும்? அதுவும் அண்ணன் படத்தில் புள்ளி எண்ணுவதற்காக? எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். நாளைக்கு அவளுடையதாகப் போகிற வீட்டில், இன்றைக்கே அவளை மூலைக்குத் துரத்தியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு அடுத்து அவளுக்குத் துணை நிற்க வேண்டியவர் நீங்கள். வெட்கமாக இல்லையா மனே?

சரி, துரத்தியது எதை என்று தெரியுமா? மோகனத்தின் ஸ ரி க ப த தான் மேஜர் பென்டடோனிக். ஐந்து கட்டை என்றால் மேற்கத்திய இசையில் ஜி. ஆக அவள் பாடுவது ஜி, ஏ, பி, டி, ஈ. நீங்கள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தேடுகிற அதே ஐந்து சுரங்கள்!

ஐந்து வடிவம் என்று மலைக்கிறீர்களே, அந்த ஐந்து சுரங்களில் எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். இப்படி ஸவை வேறு சுரத்துக்கு மாற்றுவதுதான் கிரகபேதம், தங்கச்சியின் ஆசிரியரைக் கேட்டால் சொல்வார். மோகனத்தின் ரியை ஸ ஆக்கினால் மத்தியமாவதி, கவை ஆக்கினால் ஹிந்தோளம், பவை ஆக்கினால் சுத்த சாவேரி, தவை ஆக்கினால் சுத்த தன்யாசி. இந்தக் கடைசி ராகம்தான் உங்கள் ஈ மைனர் பென்டடோனிக். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். ஐந்து சுரப் பண்ணுக்குத் திறம் என்று அந்தக் காலத்திலேயே பெயர் வைத்திருந்தார்கள். அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிற கல்லடியில் இருந்துகொண்டு மோகனம் இடைஞ்சல் என்று எழுத எப்படி மனம் வந்தது?

முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். சுருதிப்பெட்டியை நீங்களே தூக்கி விறாந்தைக்குக் கொண்டு வாருங்கள். படத்தை மூடிவிட்டு, அவள் ஆரோகணம் பாடப் பாட நீங்களும் வாய்விட்டுப் பாடியபடி வாசியுங்கள். ஈ கம்பியில் 3, 5ஆம் ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்); ஏ கம்பியில் 2, 5; டி கம்பியில் 2, 5. கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரை வந்துவிடும். ஒரு கிழமைக்கு இது போதும். ஒவ்வொரு ஃபிரெட்டும் அரைச் சுரம்தான், அதனால் கையை இரண்டு ஃபிரெட் மேலே தள்ளினால் இதே வடிவம் ஏயில் தொடங்கும் மேஜர் பென்டடோனிக் ஆகிவிடும். அப்புறம் ஈயில் தொடங்கி, தங்கச்சி பாடுகிற அதே ஐந்து சுரங்களை வாசித்துப் பாருங்கள்.

பரீட்சை முடியும்வரை நேரத்தை அவள் தீர்மானிக்கட்டும். ஆம்பின் சத்தம் அவள் குரலுக்கு மேலே போகக் கூடாது.