பிரேக் போட்டா சீட்டும் சேர்ந்து நகருதா? முதல்ல ஆட்டம் எங்கனு விரல் வச்சுப் பாருங்க

சிங்கப்பூர் யீஷூன்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 2000 மாடல் பிஎம்டபிள்யூ இசட்3 வச்சிருக்காரு, ரெண்டு பேர் உட்கார்ற ரோட்ஸ்டர், அதாவது ரூஃப் இறக்கற வண்டி, மோட்டார்ல நகர்ற பவர் சீட். சிக்னல்ல பிரேக் போட்டா சீட் ‘டக்’னு முன்னாடி போகுதாம், கிளம்புறப்ப திரும்ப ‘டக்’னு பின்னாடி வருதாம், வளைவுல முதுகுப்பக்கம் லேசா ஆடுதாம். ஒரு இடத்துல கொண்டு போய் காட்டினதுக்கு சீட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. “அண்ணே, இதை நானே சரி பண்ணிக்கலாமா, இல்ல இப்படியே கொஞ்ச நாள் ஓட்டலாமா?” இதுதான் கேள்வி.

தம்பி, சரி பண்ணிக்கலாம். சீட்டை மாத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஆனா ரெண்டாவது கேள்விக்கு என் பதில், ஓட்டாதீங்க, இந்த வாரமே பாத்துருங்க. ஏன்னா இதை நிறைய பேர் சத்தம் பிரச்சனைனு நினைச்சு ரேடியோவைக் கூட்டி வச்சுட்டு ஓட்டறாங்க, ஆனா சீட் பெல்ட் பக்கிள் இந்த வண்டியில சீட்டோடதான் சேர்த்துக் கட்டியிருக்கு. சீட்டுல லூஸ் இருந்தா உங்க உடம்பைப் புடிச்சு வைக்கிற பெல்ட்டுலயும் லூஸ் இருக்குனு அர்த்தம். மோதுற நேரத்துல முதல்ல சீட் தன் ஆட்டத்தை முடிச்சுட்டுதான் பெல்ட் உங்களை இறுக்கிப் பிடிக்கும்.

இந்த மாடல்ல சீட் ஆட்டம் உலகம் முழுக்க இருக்கற ஒண்ணுதான். சீட் பிரேமும், சீட் முன்னும் பின்னும் நகர்றதுக்குக் கீழ உள்ள ரெயிலும் போல்ட்டுல சேர்ற இடத்துல, போல்ட்டைச் சுத்தி சின்னதா பிளாஸ்டிக் புஷ், அதாவது ஒரு வளையம் இருக்கும். அமெரிக்காவுல ஸ்பார்ட்டன்பர்க் பேக்டரியில இசட்3 செய்யறது 2002-லயே நின்னு போச்சு, அப்ப ரொம்ப இளசான வண்டிக்கே இருபது வயசு தாண்டிருச்சு. இத்தனை வருஷம் ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தப் புஷ் நசுங்கி நசுங்கி, நம்ம ஊர் சூட்டுல காஞ்சு, கடைசியில உதிர்ந்து போயிடும். கழட்டிப் பார்த்தீங்கன்னா தெரியும், விரலால தொட்டாலே முறுக்கு நொறுங்கற மாதிரி துண்டு துண்டா கையில வரும், சில இடத்துல புஷ்ஷே இருக்காது, தரைவிரிப்புக்கு அடியில தூளா கிடக்கும். புஷ் இருந்த இடம் காலியானதும் போல்ட் அந்த ஓட்டைக்குள்ள முன்னும் பின்னும் ஓடுது, அந்த ‘டக்’ சத்தம் அதுதான்.

கீழ ஆட்டம் கொஞ்சம்தானேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க, முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவுல சுமார் 40 சென்டிமீட்டர்னு வைங்க, ரெண்டு முனையிலயும் 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தா, 60 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கற உங்க தோள் 6 மில்லிமீட்டர் நகரும். கீழ இருக்கறது மேல மூணு மடங்கு. அதனாலதான் முதுகு ஆடுற மாதிரி இருக்கு, முதுகுச் சாய்மானத்துல ஒண்ணும் கெட்டிருக்காது, அந்த ஹிஞ்சைப் போய் கழட்டிறாதீங்க.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. ரூஃபை இறக்கி விடுங்க, கூட ஒருத்தரை சீட்டுல உட்கார வச்சு முன்னும் பின்னும் உடம்பை ஆட்டச் சொல்லுங்க. நீங்க கதவுப் பக்கம் குனிஞ்சு, ரெண்டு இரும்பு சேர்ற இடத்துல ஒரே விரலைக் குறுக்கா வைங்க, பாதி விரல் இந்த இரும்புல, பாதி அந்த இரும்புல. முதல்ல தரைக்கும் ரெயிலுக்கும் நடுவுல. அப்புறம் கீழ் ரெயிலுக்கும் மேல நகர்ற ரெயிலுக்கும் நடுவுல. அப்புறம் மேல் ரெயிலுக்கும் சீட் பிரேமுக்கும் நடுவுல. எங்க ஆட்டம் இருக்கோ அங்க விரல் நுனியில சின்னதா ஒரு கிள்ளல் மாதிரி தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூட விரலுக்குத் தெரியும். (விரலை இடுக்குக்குள்ள விடாதீங்க, மேல மட்டும் வைங்க.) இருபத்தாறு வருஷமா வொர்க் ஷாப்புல நிக்கறேன், இதை விட நல்ல டெஸ்ட் எனக்குத் தெரியலை.

தரைக்கும் ரெயிலுக்கும் நடுவுலனா தரை போல்ட் லூஸ், அதை டைட் பண்ணினா போதும், ஆனா போல்ட்டைச் சுத்தி துரு இல்ல விரிசல் தெரிஞ்சா அதுல கை வைக்காம நல்ல பாடி வொர்க் ஆளுகிட்ட போங்க. ரெயிலுக்குள்ளயே ஆட்டம்னா ரெயில் தேஞ்சிருக்கு, நல்ல நிலைமையில இருக்கற செகண்ட் ஹேண்ட் ரெயில் தேடணும். மேல் ரெயிலுக்கும் பிரேமுக்கும் நடுவுலனா புஷ். உங்க அறிகுறியைப் பார்த்தா எனக்கு இந்த மூணாவதுதான் தோணுது.

இப்ப கழட்டற வேலை. மல்டி ஸ்டோரி கார் பார்க்குல வச்சு பண்ணாதீங்க, அங்க ரிப்பேர் பண்ண அனுமதி இல்ல, அதோட சீட்டை எங்க இறக்கி வைப்பீங்க. தெரிஞ்சவங்க வொர்க் ஷாப் இருந்தா, சின் மிங்லயோ காக்கி புக்கிட்லயோ, அரை நாள் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்க. கூரை இருக்கற இடமா பாருங்க, ரூஃப் இறக்கின வண்டி மத்தியானம் மூணு மணி மழையில மாட்டினா அவ்வளவுதான்.

பேட்டரி கழட்டறதுக்கு முன்னாடியே சீட்டை மோட்டார்ல முழுக்க முன்னாடி ஓட்டி பின் போல்ட்டுகளைக் கழட்டுங்க, அப்புறம் முழுக்க பின்னாடி ஓட்டி முன்னாடி உள்ளதைக் கழட்டுங்க, கடைசியா சீட்டை நடுவுல கொண்டு வந்து நிறுத்துங்க, தூக்க வசதியா இருக்கும். இதுக்கப்புறம்தான் பேட்டரி. சாவியை எடுத்துட்டு நெகட்டிவ்வைக் கழட்டி குறைஞ்சது பத்து நிமிஷம் சும்மா விடுங்க.

இந்தப் பத்து நிமிஷத்தை யாரும் விட்டுடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். பக்கிள் கிட்ட பெல்ட்டை இழுத்துப் பிடிக்கற டென்ஷனர் இருக்கு, அதுக்குள்ள இருக்கறது சின்ன வெடிமருந்து, அதுக்குப் போற மஞ்சள் பிளக்கை கரண்ட் இருக்கறப்ப புடுங்கக் கூடாது. அந்த பிளக்குல மல்டிமீட்டர் வச்சு டெஸ்ட் பண்ணவும் கூடாது, மீட்டர்லேர்ந்து போற சின்ன கரண்ட் கூட அதை வெடிக்க வைக்கலாம். அப்புறம், பிளக் கழண்டு இருக்கறப்ப சாவியைப் போடாதீங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படிப் பண்ணிட்டேன், ஏர்பேக் லைட் அணையவே இல்ல, ஸ்கேனர் வச்சுதான் கிளியர் பண்ண முடிஞ்சுது. பத்து வருஷம் தாண்டின வண்டி ஒவ்வொரு வருஷமும் இன்ஸ்பெக்‌ஷன் போகணுமில்ல, அந்த லைட்டோட போய் நிக்க முடியாது.

சீட்டை வெளிய எடுத்து பழைய போர்வை மேல கவுத்து வைங்க. முதல் வேலை, மார்க்கர் பேனாவால ரெண்டு ரெயிலும் எந்த இடத்துல நிக்குதுன்னு கோடு போடுங்க, போட்டோவும் எடுத்துக்குங்க. இது ரொம்ப முக்கியம், ஒரு ரெயில் ஒரு பல்லு முன்னாடி போய் மாட்டிக்கிச்சுன்னா சீட் கோணலா நிக்கும், மோட்டார் திணறும், திரும்ப எல்லாத்தையும் கழட்டணும். அப்புறம் ஒரு நேரத்துல ஒரு போல்ட் மட்டும் கழட்டி, பழைய புஷ் தூளை சுத்தமா எடுத்து, ஓட்டையைப் பாருங்க, வட்டமா இருக்கா முட்டை வடிவமா இருக்கான்னு. வட்டமா இருந்தா புது புஷ்ஷைப் போட்டு அடுத்த போல்ட்டுக்குப் போகலாம். முட்டை வடிவமா தேஞ்சிருந்தா புது புஷ் போட்டாலும் கொஞ்ச நாள்ல திரும்ப ஆடும், அந்த ஓட்டையை பெருசா வட்டமாக்கி, உள்ள இரும்பு ஸ்லீவ், அதாவது சின்னக் குழாய்த் துண்டு அடிச்சுட்டுதான் புஷ் போடணும்.

புஷ் எதுல செஞ்சதுன்னு கேட்டு வாங்குங்க. நைலான்னு விக்கறாங்க, கெட்டியானதுதான், ஆனா நைலான் காத்துல உள்ள ஈரத்தை இழுத்து லேசா உப்பும், வருஷம் முழுக்க ஈரமா இருக்கற நம்ம ஊருக்கு அசிட்டால், அதாவது டெல்ரின்னு சொல்றாங்களே அது மேல், ஈரத்தை ரொம்பக் கம்மியாதான் இழுக்கும். லேத் ஆளு தெரிஞ்சா உடையாம மிச்சம் இருக்கற ஒரு பழைய புஷ்ஷை கேலிப்பர்ல அளந்து அசிட்டால் ராடுல கடைஞ்சு தரச் சொல்லலாம், உள் அளவு போல்ட்டுக்கு கையால தள்ளினா போற டைட்டுல இருக்கணும். யாராவது 3டி பிரிண்ட்ல போட்டுத் தரேன்னு சொன்னா எந்த பிளாஸ்டிக்னு கேளுங்க, சாதாரண பிஎல்ஏன்னா வேண்டாம், அது சுமார் 60 டிகிரியிலயே இளக ஆரம்பிக்கும், வெயில்ல நிக்கற வண்டிக்குள்ள சூடு படற பாகங்கள் அந்த அளவைத் தொடும்.

வாஷர் அடுக்கி சரி பண்றது பத்தி நிறைய பேர் கேப்பீங்க. பக்கவாட்டுல இடைவெளி இருந்தா ஒரு மெல்லிசு வாஷர் தப்பில்ல. ஆனா போல்ட்டைச் சுத்தி ஓட்டைக்குள்ள இருக்கற இடைவெளியை வாஷர் அடைக்காது, போன வருஷம் ஒரு வண்டி வந்துச்சு, முன்னாடி யாரோ மூணு மூணு வாஷரா அடுக்கி இறுக்கி விட்டிருக்காங்க, சத்தம் ஆறு மாசம் நின்னுருக்கு, அதுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசி நாலு ஓட்டையும் முட்டையாயிடுச்சு. சின்ன செலவுல முடிய வேண்டியது ஸ்லீவ் வேலை வரைக்கும் போச்சு. வெல்டிங் அடிச்சுறலாம்னு சொன்னா அங்கேர்ந்து வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

போல்ட் விஷயம். தலையில 8.8 இல்ல 10.9னு நம்பர் இருக்கும், அது பலத்தோட அளவு. ஒண்ணு கெட்டுப் போனா ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடையில கிடைக்கற பளபளப்பான ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வாங்கி மாட்டாதீங்க, துரு பிடிக்காதுங்கறது உண்மை, ஆனா சாதாரணமா விக்கற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் பலத்துல 8.8-ஐ விடக் கம்மி. அதே நம்பர், அதே நீளம், அதே மரை, அப்படியே வாங்குங்க. ரெயில்ல பழைய அழுக்கு கிரீஸைத் துணியால துடைச்சுட்டு புது லித்தியம் கிரீஸ் மெல்லிசா தடவுங்க. டபிள்யூடி-40 அடிச்சா இருக்கற கிரீஸும் கரைஞ்சு போயிடும்.

திரும்ப மாட்டறப்ப நாலு தரை போல்ட்டையும் முதல்ல கையால நாலஞ்சு சுத்து போடுங்க, நாலும் ஒழுங்கா பிடிச்சப்புறம்தான் சாக்கெட், கடைசி டைட் சர்வீஸ் மேனுவல்ல சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சுல. பிளக் எல்லாம் மாட்டி, அப்புறம் பேட்டரி, அப்புறம் சாவி. சீட்டை இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு ஓட்டுங்க, நடுவுல மோட்டார் சத்தம் கனமாச்சுன்னா ஏதோ ஒரு புஷ் தடிமன் கூடிருச்சு, எடுத்து மணல் காகிதத்துல லேசா தேய்ச்சுப் போடுங்க, அப்படியே விட்டா மோட்டார் போயிடும். ரெண்டு வாரம் கழிச்சு, முக்கியமா கேஎல் (கோலாலம்பூர்) மாதிரி தூரப் பயணம் கிளம்பறதுக்கு முன்னாடி, தரை போல்ட்டுல திரும்ப ஒரு தடவை ரெஞ்ச் வைங்க.

பதினாலு வருஷம் தாண்டின வண்டிக்கு ரோட் டாக்ஸ் மேல அம்பது சதவீதம் கூடக் கட்டி, சிஓஇயும் (வண்டி வச்சுக்கற உரிமைச் சான்றிதழ்) புதுப்பிச்சு நீங்க வச்சிருக்கீங்க, அந்த வண்டி மேல உங்களுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குப் புரியுது. அதனால இன்னொண்ணும் சொல்றேன், டிரைவர் சீட்டோட நிறுத்தாதீங்க. பக்கத்து சீட்டுல சத்தம் வராததுக்குக் காரணம் அதுல ஆள் உட்கார்றது கம்மிங்கறதுதான், உள்ள இருக்கற புஷ்ஷுக்கும் அதே வயசு. இடம், சாமான், டூல் எல்லாம் கையில இருக்கற அதே நாள் அதையும் கழட்டிப் பாத்துருங்க, ரெண்டாவது சீட்டுக்கு முதல் சீட்டுல பாதி நேரம்தான் ஆகும்.