பெண்கள் சாலை சைக்கிள் பந்தயம்: கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. துடுப்புப் படகுப் போட்டிகளில் இருந்தவள், இப்போது சைக்கிள் பந்தயத்தைத் தொழிலாக எடுக்க ஆசைப்படுகிறாள். காலம் கடந்துவிட்டதா?

பதில்: இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னரும் துடுப்புப் படகிலிருந்து வந்தவர்தான். நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் 2022-இல் டூர் டி பிரான்ஸ் ஃபாம் (பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ்) பட்டம் வென்றபோது அவருக்கு வயது 39.

உங்கள் மகளிடம் கால் வலுவும் மூச்சும் ஏற்கெனவே இருக்கும். கூட்டத்துக்குள் ஓட்டும் பழக்கம்தான் இருக்காது. தாமதமாக வருபவர்கள் பயந்து கூட்டத்தின் வாலிலேயே தங்கிவிடுவார்கள். வளைவில் முன்னால் போகிறவர்கள் கொஞ்சம் வேகம் குறைத்தாலே, வாலில் இருப்பவர்கள் நன்றாகப் பிரேக் பிடிக்க வேண்டிவரும். பிறகு எழுந்து நின்று மிதித்து இடைவெளியை மூட வேண்டும். நூறு வளைவில் நூறு முறை இப்படிச் செய்தால், கடைசி ஏற்றம் வரும்போது காலில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் முதல் வருடம் ஓட்டும் திறனுக்கே முதலிடம் கொடுங்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தையே பார்க்கக் கூடாது. அவர் தோளுக்கு மேலாக, இரண்டு மூன்று பேரைத் தாண்டிப் பார்க்க வேண்டும். தன் முன்சக்கரத்தை அவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைய விடக் கூடாது. இரண்டும் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான், சமநிலைக்குத் திருப்ப வேண்டிய சக்கரம் அங்கே மாட்டிக்கொள்வதால். புல்தரையில் மெதுவாக ஓட்டியபடி தோளோடு தோள் இடித்துப் பழகுவது மிக நல்ல பயிற்சி. இடிபட்டால் பிரேக்கைப் பிடிக்கும் பயம் அதில்தான் போகும்.

கேள்வி: ஒரு பந்தயம்கூட ஜெயிக்காதவர்களுக்கும் அணிகள் சம்பளம் தருகின்றனவே, ஏன்?

பதில்: அவர்கள் இல்லாமல், அணி யாரை ஜெயிக்க வைக்க ஓட்டுகிறதோ அந்தத் தலைவி ஜெயிக்க முடியாது. அணி காருக்குப் பின்வாங்கி, அரை லிட்டர் பாட்டில்கள் ஆறை ஜெர்சிக்குள் திணித்தால் மூன்று கிலோ கூடும். அந்தச் சுமையோடு மறுபடி கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். பக்கக் காற்றில் தலைவிக்கு மறைப்பாக ஓட்ட வேண்டும். அவர் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்க வேண்டும். 2024 பெண்கள் டூர் டி பிரான்ஸில் நெதர்லாந்தின் டெமி வொலரிங் 5-ஆம் கட்டத்தில் விழுந்து ஒரு நிமிடத்துக்கும் மேல் இழந்தார். கடைசியில் போலந்தின் காஷா நியெவியாடோமாவிடம் பட்டத்தை விட்டது வெறும் 4 வினாடியில். விழுந்தவரை இழுத்துவர ஆள் இருப்பதன் மதிப்பு இதில் தெரியும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, மேல்மட்ட அணிகளுக்கு உலக சைக்கிள் சம்மேளனம் 2020-இல் ஆண்டுக்கு 15,000 யூரோ என்று குறைந்தபட்சத் தொகை வைத்தது; 2022-இல் அது 27,500 ஆனது. கீழ்நிலையில் உள்ள கான்டினென்டல் அணிகளுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அங்கே கையெழுத்திடும் முன் காப்பீடு, பயணச் செலவு, சைக்கிள் யாருடையது, பரிசுப் பணம் எப்படிப் பிரியும் என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

கேள்வி: ஏற்றத்துக்காக எடை குறைத்தேன். முதலில் வேகம் கூடியது. இப்போது மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. கடும் பயிற்சியில் இது சகஜம் என்கிறார்களே?

பதில்: சகஜம் இல்லை. அப்படிச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். பயிற்சிக்குப் போக மிஞ்சும் சக்தி போதாதபோது உடல் இனப்பெருக்க வேலையை நிறுத்திவைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து எலும்பு மெலிகிறது. ஓட்டத்தைப் போல சைக்கிளில் எலும்புக்குச் சுமை விழுவதில்லை. ஆகவே இழப்பை ஈடுகட்ட எதுவும் இல்லை. சாதாரணமாக விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

இந்த வாரமே விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். கருத்தடை மாத்திரை போட்டு ரத்தப்போக்கை வரவழைப்பது தீர்வல்ல, உண்மை நிலையை அது மறைத்துவிடும். நீண்ட பயிற்சியில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். 40 கிராமில் தொடங்கி, வாரங்களில் மெல்ல ஏற்றினால் வயிறு பழகும். 60-ஐத் தாண்டும்போது குளுக்கோஸோடு ஃப்ரக்டோஸும் (பழச்சர்க்கரை) கலந்திருக்க வேண்டும். குளுக்கோஸை மட்டும் அதற்கு மேல் குடல் உறிஞ்சாமல் வயிற்றைப் புரட்டும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் மாவுச்சத்தும் 20–25 கிராம் புரதமும் சாப்பிடுங்கள்.

கேள்வி: குழந்தை பெற்ற பிறகு திரும்ப முடியுமா?

பதில்: முடியும். 2018-இல் தாயான பிரிட்டனின் லிசி டைக்னன், 2021-இல் பெண்களுக்கு முதன்முறையாக நடந்த, பிரான்ஸின் பாரி-ரூபே ஒருநாள் பந்தயத்தை 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். மேல்மட்ட அணிகளின் ஒப்பந்தத்தில் 2020 முதல் மூன்று மாதம் முழுச் சம்பளமும் அதன்பின் ஐந்து மாதம் பாதிச் சம்பளமும் மகப்பேறு விடுப்பாக உண்டு.

கேள்வி: என் உயரம் 155 செ.மீ. இறக்கத்தில் பிரேக் லீவர் விரலுக்கு எட்டவில்லை.

பதில்: பெரும்பாலான லீவர்களில் எட்டும் தூரத்தை மாற்ற ஒரு சிறு திருகு உண்டு. ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரில் பதியும்வரை அதைத் திருப்புங்கள். பிறகு லீவரை முழுதாக அழுத்திப் பாருங்கள். பார் மேல் முட்டுவதற்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும். முட்டினால் பிரேக்கை மறுபடி சரிசெய்யாமல் இறக்கத்துக்குப் போகாதீர்கள்.